அசையாத போல்ட், கழலாத சென்சார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலேயே ஹெடர் மாற்றுவது, அதாவது இன்ஜினின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை எடுத்துவிட்டுத் தனித்தனிக் குழாய்களால் ஆன ஹெடரைப் பொருத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: "பொருள் எல்லாம் வாங்கிவிட்டேன், பழையது கழலவில்லை." அதனால் இந்த முறை சைலன்சர் போல்ட்டையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடைய 15 வருடப் பழைய காரில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் பொருத்தப் பார்க்கிறேன். எட்டு நட்டில் மூன்று வந்துவிட்டன. நான்காவது, ஓரத்தில் இருப்பது. திருகும்போது சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி நெகிழ்ந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். அடுத்து என்ன செய்வது?

பதில்: நிறுத்தினீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி வேலை முடிந்தது. நட் கழலப் போகிறது என்றால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், கைப்பிடியில் ஒரு உதறல் தெரியும். துரு விட்டுக்கொடுத்ததன் அடையாளம் அது. சத்தமில்லாமல் மெத்தென்று கை சுற்றிப் போனால், நட் சுற்றவில்லை, அது ஏறியிருக்கும் ஸ்டட்தான் (இன்ஜினில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்) முறுக்கிக்கொள்கிறது. இன்னும் கால் சுற்றுப் போயிருந்தால் ஸ்டட் கையோடு வந்திருக்கும். இந்த வித்தியாசத்தைக் கையால்தான் படிக்க முடியும். அதனால்தான் முதல் முயற்சிக்கே அடித்துச் சுழற்றும் இம்பாக்ட் கன்னை எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கன் பிடித்த கைக்கு இந்தச் சேதி வந்து சேராது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதை இழக்கலாம்? உங்கள் விஷயத்தில் நட் போகலாம். ஸ்டட்டும் போகலாம். மேனிஃபோல்டை எப்படியும் தூக்கிப் போடப் போகிறீர்கள். காப்பாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று: இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டுக்குள் இருக்கும் மரை. இது தெளிவாகிவிட்டால் எந்தக் கருவியை எடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

ஓரத்து ஸ்டட்தான் முரண்டு பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அப்படித்தான். 50 செ.மீ. நீள வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 2.7 மி.மீ. நீளும். ஹெட்டுக்குள் கூலன்ட் ஓடுவதால் அது அவ்வளவு சூடேறாது, 1 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். இந்த இழுபறி ஒவ்வொரு முறை இன்ஜின் சூடாகி ஆறும்போதும் நடக்கிறது, அதில் அதிகமாக வளைபவை இரண்டு ஓரத்து ஸ்டட்கள். அதனால் ஏற்கெனவே சோர்ந்துபோன ஸ்டட் என்று நினைத்தே அதைத் தொடுங்கள்.

முதலில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. நட் கழன்று வரும் பாதையே அந்த மரைதான். அதில் துரு இருந்தால் நட் அதை விழுங்கிக்கொண்டு மறுபடி இறுகும். அப்புறம் ஊடுருவும் எண்ணெயை அடித்து, நட்டின் பக்கவாட்டில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. மாலையில் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை. இரும்பு துருவாகும்போது இருந்த இடத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கிறது. அந்த இறுக்கத்துக்குள் எண்ணெய் நுழைய நேரம் வேண்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் நெருப்பு. சூடு காட்ட வேண்டியது நட்டுக்கு, ஸ்டட்டுக்கு அல்ல. எம்10 நட்டை (10 மி.மீ. மரை) 400 டிகிரி சூடாக்கினால் அதன் உள்விட்டம் சுமார் 0.05 மி.மீ. விரியும். மெல்லிய தலைமுடியின் அளவு. அதுவே துருவின் பிடியை உடைக்கப் போதும். ஆனால் வேகமாகச் சூடாக்க வேண்டும். மெதுவாகக் காட்டினால் ஸ்டட்டும் சேர்ந்து சூடாகி விரியும், எந்தப் பலனும் இருக்காது. நட் லேசாகச் சிவந்ததும் கேஸ் டார்ச்சை எடுத்துவிட்டு, ஆறுமுனை சாக்கெட்டைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு, பிறகு கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னுமாக. பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடும்.

சிவப்பு அடங்கிய பிறகு, சூடு இருக்கும்போதே, ஒரு மெழுகுவர்த்தியின் அடியை மரை ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். மெழுகு உருகி, ஈரத்துணியில் தண்ணீர் பரவுவது மாதிரி, மரைக்குள் ஓடி மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் நான் தொழில் பழகிய மேஸ்திரி. முப்பது வருடம் ஆகிவிட்டது, இன்றும் என் பெட்டியில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு இருக்கிறது.

நெருப்பு பற்றி இரண்டு எச்சரிக்கை. அலுமினியம் சுமார் 660 டிகிரியில் உருகிவிடும், அதுவும் இரும்பு மாதிரி சிவந்து காட்டாமல் உருகும். டார்ச் ஹெட்டைப் பார்க்கக் கூடாது. இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் நெருப்போ வெல்டிங்கோ காட்டவே காட்டாதீர்கள். அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உருவாகும். டப்பாவின் பின்பக்கத்தில் பொருட்களின் பட்டியல் இருக்கும், படித்துவிட்டு அடியுங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் அடித்த இடத்தைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் டார்ச்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த மெத்தென்ற நெகிழ்வுதான் வருகிறதா? சரி, நட்டை இழந்துவிடுங்கள். நட் ஸ்பிளிட்டரை மாட்டி இறுக்கினால் நட் பிளந்துவிடும். இடம் போதாவிட்டால் நட்டின் ஒரு பட்டையைச் சிறிய கிரைண்டரால் மரை வரை தேய்த்துவிட்டு உளியால் ஒரு தட்டு. மேனிஃபோல்ட் போனபின் ஸ்டட் முழு நீளத்துக்கு வெளியே நிற்கும். நீளமாக நிற்கும் ஸ்டட்டைக் கழற்ற நூறு வழி உண்டு.

கேள்வி: அண்ணே, நான் கல்லூரியில் படிக்கிறேன். டபிள்யூ.டி-40 அடித்தால் போதும் என்கிறார் ஒருவர். அசிட்டோனும் கியர் ஆயிலும் கலந்து அடி என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: தம்பி, டபிள்யூ.டி என்பதே தண்ணீரை விலக்குவது என்ற பொருளின் சுருக்கம். 1953-இல் நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை, அதுதான் 40. ஈரத்தை விலக்கத்தான் அது பிறந்தது. லேசான துருவுக்குச் சரி, சைலன்சர் ஸ்டட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்பதை வாங்கு. அந்த இன்னொருவர் சொன்னது கியர் ஆயில் அல்ல, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் மெல்லிய ஏ.டி.எஃப். அதையும் அசிட்டோனையும் பாதிக்குப் பாதி கலப்பார்கள். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் போகும், சில பிளாஸ்டிக் கரைந்துவிடும், நெருப்பு சட்டென்று பற்றும். எந்த எண்ணெய் என்பதைவிட எத்தனை மணி நேரம் ஊறியது என்பதுதான் பெரிது. சனிக்கிழமை காலை வேலை என்றால் வியாழக்கிழமை இரவே எண்ணெய் அடி.

கேள்வி: சார், ஹெடரில் பொருத்த என் பழைய ஆக்ஸிஜன் சென்சாரையே பயன்படுத்தலாம் என்று இருக்கிறேன். ஒயர் குறுக்கே இருப்பதால் சாதாரண சாக்கெட் போகவில்லை. வெட்டு வைத்த சாக்கெட் வாங்கிப் போட்டால் அது வாயைத் திறந்து நழுவுகிறது. சென்சாரைக் கெடுக்காமல் எடுக்க வழி உண்டா? (எழுதியவர் ஒரு வாசகி)

பதில்: அம்மா, இங்கே கணக்கு தலைகீழ். நீங்கள் காப்பாற்ற வேண்டியது சென்சார். அது உட்கார்ந்திருக்கும் பழைய குழாய் எப்படியும் குப்பைக்குத்தான் போகப் போகிறது. அதனால் காருக்கடியில் படுத்துக்கொண்டு சென்சாரோடு ஏன் போராட வேண்டும்? கனெக்டரைப் பிரித்து, ஒயரை கிளிப்பிலிருந்து விடுவித்து, சென்சாரோடு சேர்த்தே மேனிஃபோல்டை வெளியே எடுங்கள். மேசையில் வைஸில் பிடித்த பிறகு எல்லாம் சுலபம்.

பெரும்பாலான சென்சார்களின் மரை எம்18, மரைக்கு மரை இடைவெளி (பிட்ச்) 1.5 மி.மீ. தலை 22 மி.மீ. வெட்டு சாக்கெட் நழுவுவது உங்கள் தவறு இல்லை. வெட்டு இருக்கும் பக்கம் சாக்கெட்டுக்குப் பலமில்லை, ஓரளவுக்கு மேல் அழுத்தினால் விரியத்தான் செய்யும். 22 மி.மீ. ரிங் ஸ்பேனரில் கனெக்டர் நுழையுமா என்று பாருங்கள். நுழைந்தால் அதைவிட நல்ல பிடி கிடையாது. நுழையாவிட்டால் தடித்த சுவருள்ள, வெட்டு சிறியதாக உள்ள சாக்கெட். பிரேக் பைப்புக்கான வாய் திறந்த ரிங் ஸ்பேனர் 22-இல் கிடைத்தால் அதுவும் நல்லது.

சென்சாரைச் சூடாக்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் தடித்த வளையம் இருக்கிறதே, குழாயில் வெல்டு வைத்தது, அதைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். வளையம் மங்கலாகச் சிவந்ததும் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் அசையுங்கள். கால் சுற்று வந்து மறுபடி இறுகினால் இறுக்கும் பக்கமே திருப்பிவிட்டு மீண்டும் வாருங்கள். கிறீச்சென்ற சத்தத்தோடு வருகிறது என்றால் மரை உரசுகிறது. உடனே ஒரு சொட்டு எண்ணெய், மரையில் மட்டும். சென்சாரின் முனையில் உள்ள துளைகளிலும், ஒயர் நுழையும் ரப்பர் பக்கத்திலும் எண்ணெய் படவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்தைத்தான் 0.1 வோல்ட் முதல் 0.9 வோல்ட் வரையான சின்ன மின்னழுத்தமாகக் காட்டுகிறது. பல சென்சார்களில் அந்த வெளிக்காற்று ஒயரின் உள்ளே, கம்பி இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகத்தான் போகிறது. அதாவது அந்த ஒயர் வழியாகத்தான் சென்சார் மூச்சு விடுகிறது. எனவே ஹெடருக்காக ஒயரை நீட்ட வேண்டி வந்தால் சால்டர் வைத்து அடைக்காமல், அளவான கிரிம்ப் (அழுத்திப் பிடிக்கும்) இணைப்புப் போடுங்கள். கனெக்டரில் கிரீஸ் தடவாதீர்கள். பீங்கான் என்பதால் இன்னொரு விஷயம்: கீழே தவறி விழுந்த சென்சாரை நம்பாதீர்கள். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

இதுவே சென்சாரைப் புதிதாக மாற்றி, குழாயை வைத்துக்கொள்வதாக இருந்தால் கணக்கு மறுபடி திரும்பிவிடும். ஒயரை வெட்டி எறியுங்கள். முழு ரிங் ஸ்பேனரோ ஆறுமுனை ஆழ சாக்கெட்டோ உட்காரும். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாய் சூடாக இருக்கும்போது தடித்த கையுறையோடு திருகுங்கள். வெளியே வந்தபின் மரையில் எம்18-1.5 மரை சீப்பு ஓட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் புதியதைக் கையாலேயே முழுவதும் ஏற்றிப் பாருங்கள். கையால் ஏறாத சென்சாரை ஸ்பேனரால் ஏற்றக் கூடாது. இறுக்கம் 40 முதல் 50 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் ஆன்டி-சீஸ் (மரை கவ்விக்கொள்ளாமல் காக்கும் பூச்சு) பூசியே வரும், மேலே பூச வேண்டியதில்லை.

ஹெடரில் சென்சாருக்கு வளையம் வெல்டு வைக்கப் போகிறீர்கள் என்றால் இடத்தைக் கவனியுங்கள். குழாயின் மேல்பாதியில், படுக்கைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வில் சென்சாரின் முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். கீழே பொருத்தினால் அந்தத் தண்ணீர் சூடான பீங்கான் மேல் படும், பீங்கான் விரிசல் விட்டுவிடும்.

காருக்கடியில் போகாமல் முடியாது என்றால், ஜாக்கி மட்டும் போட்ட காருக்கடியில் தலையை நீட்டாதீர்கள். இரண்டு ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டு. இறுகிய போல்ட்டை நீளக் கைப்பிடியில் இழுக்கும்போது கார் ஆடும். அந்த ஆட்டத்தில் ஜாக்கி சரிந்துவிடலாம்.

கேள்வி: ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட உடைந்துவிட்டது. உடைந்த ஸ்டட்டை எடுக்கும் ஈசி-அவுட் வாங்கி வைத்திருக்கிறேன். எந்த அளவில் துளை போடுவது?

பதில்: அந்த ஈசி-அவுட்டைத் தயவுசெய்து பெட்டியிலேயே வையுங்கள். உடைந்தது எம்8 ஸ்டட் என்றால், அதற்குள் துளை போட்டு நுழைக்கும் ஈசி-அவுட் எவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முழு ஸ்டட்டே தாங்காமல் ஒடிந்த இறுக்கத்தை அது எப்படித் தாங்கும்? போதாததற்கு ஆப்பு மாதிரி இறங்கி, ஸ்டட்டை உள்ளிருந்து விரித்து இன்னும் இறுக்குகிறது.

தொழில் பழகிய இரண்டாம் வருடம் நான் இதைச் செய்தேன். மேஸ்திரி வெளியே போயிருந்தார், அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். கண்ணாடி உடைகிற மாதிரி ஒரு சத்தம், ஈசி-அவுட் உள்ளேயே ஒடிந்தது. கெட்டிப்படுத்திய எஃகு அது, சாதாரண டிரில் பிட் எதுவும் அதில் இறங்காது. ஹெட்டையே கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மிஷினில் கொடுத்து எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை, வண்டிக்காரர் பத்து நாள் வண்டி இல்லாமல் இருந்தார். அந்தப் பத்து நாளும் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்களிடமோ தெரிந்தவரிடமோ மிக் வெல்டிங் இருந்தால் அதுதான் முதல் வழி. பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வேலைக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளே ஸ்டட்டின் நடுவிலிருந்து வெல்டை நிரப்பிக்கொண்டு வாருங்கள். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, அந்தப் பயம் வேண்டாம். நட் கிடைத்தது மட்டுமில்லை, வெல்டின் சூடு ஸ்டட்டின் நடுவிலிருந்து இறங்கித் துருவை உடைத்துவிடுகிறது. சிவப்பு அடங்கும்வரை பொறுத்து, முன்னும் பின்னுமாகத் திருகுங்கள். நட் பிய்ந்துகொண்டு வந்தால் இன்னொரு நட். மூன்றாவது, நான்காவது நட்டில் வந்த ஸ்டட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெல்டிங் இல்லையென்றால் துளைதான். ஸ்டட்டின் முகத்தை அரத்தால் சமமாக்கி, சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். இதற்கு அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, இந்தப் புள்ளியில்தான் எல்லாம் இருக்கிறது. இடது சுற்று டிரில் பிட் கிடைத்தால் அதைப் போடுங்கள். பாதித் துளையிலேயே அது ஸ்டட்டைப் பிடித்துக் கழற்றிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. 3 மி.மீ.யில் ஆரம்பித்து, 5, அப்புறம் எம்8-1.25 மரையாக இருந்தால் 6.8. துளை நடுவில் இருந்தால் கடைசியில் ஸ்டட்டின் மரை மட்டும் சுருள் கம்பி மாதிரி மிஞ்சும், ஊசி முனையால் நெம்பி எடுத்துவிட்டு மரை வெட்டும் டாப் ஓட்டலாம். 3 மி.மீ. துளையே ஓரம் சாய்ந்துவிட்டது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு லேத் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அலுமினியம் இரும்பைவிட மெத்தென்று இருப்பதால் பிட் அந்தப் பக்கமே ஓடும், மரை போய்விடும்.

கேள்வி: புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர் குழாய் போட்டால் அதன் பின்னால் இருக்கும் சென்சார் தேவையில்லைதானே?

பதில்: எடுக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நாம் ரசித்துச் செய்யும் வேலையின் புகையை அடுத்தவர் குழந்தை ஏன் சுவாசிக்க வேண்டும்?

கேள்வி: எல்லாம் கழற்றியாகிவிட்டது. நடுக்குழாயை இணைக்கும் ஃபிளேஞ்ச் தட்டின் இரண்டு போல்ட் மட்டும் துருவாகவே இருக்கிறது. அடுத்த முறை இந்தப் பாடு படாமல் இருக்க எதைப் போடலாம்?

பதில்: அந்த இரண்டையும் கழற்றவே முயலாதீர்கள், அறுத்துவிடுங்கள். நட்டும் போல்ட்டுமாக ஊடுருவிப் போகிற இணைப்பில் காப்பாற்ற வேண்டியது ஃபிளேஞ்ச் மட்டும்தான். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருந்தால் கிரைண்டர் பொறி வேண்டாம், கை ரம்பம் போதும்.

புதிதாகப் போடும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட் என்பது பார்க்க அழகு, ஆனால் துரு பிடிக்காவிட்டாலும் ஒன்றோடொன்று உரசிக் கவ்விக்கொள்ளும். ஆன்டி-சீஸ் இல்லாமல் போடவே கூடாது. மேனிஃபோல்ட் ஸ்டட்டுக்கு என் விருப்பம் தாமிரம் பூசிய நட் அல்லது பித்தளை நட். தாமிரம் கலந்த ஆன்டி-சீஸ் சுமார் 980 டிகிரி வரை தாங்கும், நிக்கல் கலந்தது அதற்கும் மேலே. அதைப் பூசினால் அதே இறுக்க எண்ணில் போல்ட் அதிகமாக இழுபடும், எனவே எண்ணைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். மேனிஃபோல்டை நடு ஸ்டட்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோல் குறைவு என்று சென்சார் தப்பாகச் சொல்லும், இன்ஜின் தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும். அதனால் இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகு, இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் மறுபடி ஒரு சுற்று, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைப் போட்டுப் பாருங்கள். இடையில் வைத்த கேஸ்கெட் அமுங்கியிருப்பதால் ஒன்றிரண்டு நட் கொஞ்சம் சுற்றும்.